வாங்கில் இருக்கும் மாணவன்: பாடசாலை லக்ரோஸ் பயிற்சியில் எழும் ஓர் ஒழுக்க வினா

விளையாட்டு விதிகள் சில, அவ்விளையாட்டைப் பயிற்றுவிப்போருக்கு ஒருவகைப் புகலிடமாகவும் அமைந்துவிடுகின்றன. உதைபந்தாட்டத்தில், அனைத்துலக விதிப்படி, ஓர் அணி ஐந்து ஆட்டக்காரரை மாத்திரமே மாற்றலாம். வெளியே வந்தவர் மீண்டும் உட்செல்ல இயலாது. துடுப்பாட்டத்தில் பதினொருவரின் பெயர் எழுதிக் கொடுக்கப்பட்டபின் பயிற்றுநரின் கை பெருமளவிற் கட்டப்பட்டுவிடுகிறது. ஆடாது போன மாணவனிடம், "என் செய்வது, விதி இடந்தரவில்லை" என்று கூறிவிட்டு அவர் நகர்ந்துவிடலாம். வட அமெரிக்கப் பாடசாலைகளில் ஆடப்படும் லக்ரோஸ் விளையாட்டில் இத்தகைய புகலிடம் இல்லை. அங்கு மாற்றாட்டக்காரருக்கு எண்ணிக்கை வரையறை கிடையாது. ஆட்டம் நிறுத்தப்படாமலே, களத்தின் ஓரத்திற் குறிக்கப்பட்ட இடைவெளியினூடாக ஒருவன் வெளியேற இன்னொருவன் உட்புகலாம். வெளியேறியவன் ஒரு நிமிடத்தின் பின் மீண்டும் வரலாம். ஆதலால் வாங்கில் இருக்கும் மாணவன் ஒவ்வொரு கணமும் பயிற்றுநரின் தீர்மானத்தினாலேயே அங்கு இருக்கின்றான். அவனை அங்கு இருத்தியது விதியன்று, ஒரு மனிதர்.

அந்த மனிதரின் கடன் யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். பார்வைக்குச் சிறியதொரு வினா. ஆயினும், ஒருவரின் நன்மைக்காகப் பலரும் பலரின் நன்மைக்காக ஒருவரும் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கலாம், ஆற்றலுக்கு உரியது எது, முயற்சிக்கு உரியது எது என ஒழுக்கவியலாளர் நெடுங்காலம் விவாதித்து வரும் வினாக்கள் யாவும் அந்த வாங்கின் அருகே வந்து நிற்கின்றன.

லக்ரோஸ் பற்றி அறியாதோருக்குச் சில சொற்கள். நுனியில் வலை பின்னப்பட்ட நீண்ட மட்டையொன்றினாற் கடினமான இறப்பர்ப் பந்தை ஏந்தியும் எறிந்தும் எதிரணியின் வலைக்குட் செலுத்துவது இவ்விளையாட்டு. பந்து ஏறத்தாழ 145 கிராம் நிறையுடையது. கையால் தொடுதற்குக் கோல் காப்பாளர் தவிர்ந்த ஏனையோருக்கு உரிமையில்லை. ஆண்கள் அணியிற் பதின்மர் ஆடுவர். தலைக்கவசமும் கையுறையும் அணிந்து ஒருவரோடு ஒருவர் மோதுவதற்கு இடமுண்டு. பெண்கள் ஆட்டத்திற் பன்னிருவர் ஆடுவர். உடல் மோதல் தடுக்கப்பட்டுள்ளது. பந்தைத் தவறவிடாமல் ஓடுவதற்காக மட்டையைத் தோளருகே இடைவிடாது அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். இச்செயலுக்கு ஆட்டக்காரர் வழங்கும் பெயர் தொட்டிலாட்டுதல் என்பதாகும். இத்துணை மூர்க்கமான ஆட்டத்திற்கு இவ்வளவு மென்மையான சொல் வாய்த்தது வியப்பே. மேரிலாந்து மாநிலத்திலும் நியூயோர்க்கின் லோங் ஐலண்டிலும் இது பாடசாலைகளின் பெருமைக்குரிய வசந்தகால ஆட்டம். மார்ச் முதல் மே வரை, பாடசாலை விட்டபின், பதினான்கு முதற் பதினெட்டு வயது வரையான மாணவர் இதற்காகக் களத்திற் கூடுகின்றனர். ஓர் அணியில் இருபது முப்பது பேர் இருப்பர். களத்திற் பதின்மர், எஞ்சியோர் வாங்கில்.

இனி, ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்க்கலாம். இறுதிக் காற்பகுதியின் பன்னிரண்டு நிமிடங்களில் இரண்டே எஞ்சியுள்ளன. இரு அணிகளும் சமநிலையில் நிற்கின்றன. வாங்கின் கடைசியிற் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கின்றான். பருவம் முழுவதும் ஒரு பயிற்சிக்கேனும் வராதிருந்தவன் அல்லன். மழையிற் பந்துகளைப் பொறுக்கிச் சேர்த்தவன். அடுத்த எதிரணியின் ஆட்டமுறையைப் பயிற்சியின்போது நடித்துக் காட்டித் தன் தோழரைத் தயார்செய்தவன். ஆற்றலோ குறைவு. அவனை அனுப்பினால் ஆட்டம் தோற்கக்கூடும். அனுப்பாவிட்டால் அவன் பாடசாலை வாழ்வு அவ்வாறே முடிந்துபோகும். பயிற்றுநர் செய்யத்தக்கது யாது?

வெல்வதே பயிற்றுநரின் தொழில் என்பது உடனடியாகக் கிடைக்கும் விடை. இதனை இழிவான விடையென்று தள்ளிவிடுவது எளிது, சரியன்று. பேர்னாட் சூற்ஸ் என்னும் மெய்யியலாளர் 1978இல் வெளியிட்ட நூலொன்றில், தேவையற்ற தடைகளைத் தாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என விளக்கினார். பந்தைக் கையில் எடுத்துச் சென்று வலைக்குள் இடுவது எளிது. வலைமட்டையால் மாத்திரமே கொண்டுசெல்ல வேண்டும் என்று இரு தரப்பாரும் உடன்பட்டதனாலேயே அது ஆட்டமாயிற்று. இவ்வுடன்பாட்டின் உயிர், இரு தரப்பாரும் மெய்யாகவே வெல்ல முயல்வதில் உள்ளது. ஒரு தரப்பு முயலாதுவிடின் மற்றத் தரப்பின் உழைப்பும் பொய்யாகிவிடும். எனவே வெற்றியைப் பொருட்படுத்தாத பயிற்றுநர் பெருந்தன்மையுடையவர் என்று கொள்வதற்கில்லை. களத்தில் மூச்சுவாங்க ஓடும் பதின்மரையும் எதிரே நிற்கும் பதின்மரையும் அவர் ஏமாற்றுகிறார். வாங்கில் இருக்கும் மாணவனும், தன் பொருட்டு அணி தோற்பதை விரும்புவான் என்று கொள்ள நியாயமில்லை. அவனும் அவ்வணியைச் சேர்ந்தவனே.

ஆனால் வெல்ல முயல்வது ஆட்டத்தின் இயல்பு என்பதிலிருந்து, வெல்வது பயிற்றுநரின் நோக்கம் என்பது தானாகப் பெறப்படாது. இவ்விரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அலஸ்டெயர் மக்கின்ரயர் 1981இல் வெளியிட்ட நூலில் ஓர் உதாரணம் தருகிறார். சதுரங்கத்தில் நாட்டமில்லாத சிறுவன் ஒருவனுக்கு இனிப்புக் கொடுத்து ஆடப் பழக்குகின்றனர். இனிப்புக்காக மாத்திரம் ஆடும்வரை, பிடிபடாமல் ஏமாற்றுவதற்கு அவனிடம் எல்லாக் காரணமும் உண்டு. என்றோ ஒரு நாள் அவ்வாட்டத்துக்கே உரிய நுண்மையில் அவன் மனம் ஈடுபடுமாயின், அதன்பின் ஏமாற்றினால் அவன் ஏமாற்றுவது தன்னையே. ஆட்டத்திற்கு உள்ளேயிருந்து கிடைக்கும் நன்மைகள் வேறு. அதற்குப் புறத்தே ஒட்டப்பட்ட நன்மைகள் வேறு என்பது அவர் காட்டும் வேறுபாடு.

பாடசாலை லக்ரோஸில் இவ்வினிப்பு மிகப் பெரிது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல இவ்வாட்டத்திற் சிறந்த மாணவரைத் தேடி வருகின்றன. அனுமதி, உதவித்தொகை, பெற்றாரின் பெருமிதம், பாடசாலையின் பெயர் யாவும் அதனோடு பிணைந்துள்ளன. பெற்றார் பலர் எண்ணுவதுபோல அவ்வுதவித்தொகை ஒன்றும் அள்ளி வழங்கப்பட்டதன்று. 2024–25 கல்வியாண்டு வரை, முதற் பிரிவுப் பல்கலைக்கழகமொன்று தன் ஆண்கள் அணி முழுவதற்கும் 12.6 முழு உதவித்தொகைகளுக்கு ஈடான தொகையையே பகிர்ந்தளிக்கலாம் என்று விதி இருந்தது. ஆயினும் ஆசை கணக்குப் பார்ப்பதில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகளிடமும் பல்கலைக்கழகங்கள் வாய்மொழி உறுதி பெறும் நிலை தோன்றி, 2017இல் அதற்குத் தடை விதிக்க வேண்டியதாயிற்று; பதினோராம் வகுப்பின் செப்டெம்பர் முதலாந் திகதிக்கு முன்னர் லக்ரோஸ் மாணவருடன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் தொடர்புகொள்ளலாகாது என்பது அவ்விதி. விளையாட்டு எவ்வளவு தூரம் சந்தையாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இச்சூழலிற் பாடசாலைப் பயிற்றுநர் நிற்கும் இடம் விநோதமானது. அவர் பெரும்பாலும் அதே பாடசாலையில் வரலாறோ கணிதமோ கற்பிக்கும் ஆசிரியர். சிறியதொரு மேலதிகக் கொடுப்பனவுக்காக மாலை வேளைகளைக் களத்திற் கழிப்பவர். காலையில் வகுப்பறையில் நிற்கும்போது கணிதத்திற் பின்தங்கிய மாணவனுக்கே கூடுதலான நேரம் செலவிடுவது தம் கடமையென அவர் அறிவார். "நீ கெட்டிக்காரன் அல்லன், ஆதலாற் பின்வரிசையிற் கையைக் கட்டிக்கொண்டிரு, கெட்டிக்காரர் கணக்குச் செய்வதைப் பார்" என்று அவர் சொல்வாராயின் அதிபர் மறுநாளே அவரை அழைத்து விளக்கம் கேட்பார். அதே ஆசிரியர் பிற்பகல் மூன்றரை மணிக்குக் களத்தில் அதே மாணவனிடம் ஏறத்தாழ அதனையே சொல்கிறார். எவரும் அதனைக் குற்றமென்று கருதுவதில்லை. ஒரே பாடசாலை, ஒரே ஆசிரியர், ஒரே மாணவன்; ஆயின் மணி அடித்ததும் நீதி மாறிவிடுகிறது. களமும் பாடசாலையைச் சேர்ந்ததே என்று கொள்வோர் இம்மாற்றத்துக்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

ஆசிரியரின் விருப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பதை மகாபாரதம் நன்கு அறிந்திருந்தது. துரோணரைப் பற்றிப் பேசுவோர் ஏகலைவனின் பெருவிரலையே நினைவுகூர்வர். அதனினும் சிறிய, அதனினும் பாடசாலைக்கு நெருக்கமான நிகழ்ச்சியொன்று ஆதிபருவத்தில் உண்டு. நீர் மொண்டுவர மாணவரை அனுப்பும்போது துரோணர் ஏனையோருக்குக் குறுகிய வாயுடைய பாத்திரங்களையும் தம் மகன் அசுவத்தாமனுக்கு அகன்ற வாயுடைய பாத்திரத்தையும் கொடுத்தார். மகன் விரைந்து நிரப்பிக்கொண்டு முன்னே வந்துவிடுவான். ஏனையோர் வருமுன் அவனுக்கு மாத்திரம் சில நுட்பங்கள் கற்பிக்கப்படும். இங்கு எவருக்கும் கல்வி மறுக்கப்படவில்லை. எல்லோருக்கும் பாத்திரம் கொடுக்கப்பட்டது. அநீதி பாத்திரத்தின் வாயில் இருந்தது.

பயிற்சிக் களத்தில் அகன்ற வாயுடைய பாத்திரம் என்பது பயிற்றுநரின் பார்வையே. ஆட்டத்தின்போது எவன் எத்தனை நிமிடம் ஆடினான் என்பதைப் பெற்றார் எண்ணிக்கொண்டிருப்பர், அது வெளிப்படையானது. செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் எவனுடைய தவறு திருத்தப்பட்டது, எவனுடைய தவறு கண்டுகொள்ளப்படாது விடப்பட்டது என்பதை எவரும் எண்ணுவதில்லை. திறமையுள்ளவன் மட்டையைப் பிழையாகப் பிடித்தாற் பயிற்றுநர் ஓடிச்சென்று அவன் கையைத் திருத்துகிறார். திறமை குறைந்தவன் அதே பிழையைச் செய்தால், "பரவாயில்லை, நன்று" என்கிறார். கேட்பதற்கு இது அன்பான சொல். அதன் பொருளோ, "நீ திருந்துவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை" என்பதாகும். மாணவர் இதனை விரைவிற் புரிந்துகொள்கின்றனர்.

பழக்கத்தினாலேயே பண்பு உருவாகின்றது என்பது அரிஸ்ரோட்டிலின் கொள்கை. வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கட்டடக் கலைஞனாகிறான். அவ்வாறே நீதியான செயல்களைச் செய்துசெய்தே நீதிமானாகிறான். விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும் என்று பரிசளிப்பு விழாக்களிற் பேசுவோர் இக்கொள்கையையே தம்மை அறியாமற் கையாளுகின்றனர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. லக்ரோஸில் நிலத்தில் விழுந்த பந்துக்காகக் குனிவது பெருமை தராத வேலை, அடிபடுவதே மிச்சம். ஆனாற் பந்து எவர் கையில் என்பதை அதுவே பெரும்பாலும் நிச்சயிக்கும். அதற்காகத் திரும்பத் திரும்பக் குனியப் பழகியவனிடம் ஏதோ ஒன்று படிந்துவிடுகிறது. எவரும் பார்க்காத வேளையிற் சுவரில் பந்தை எறிந்து ஏந்தி, வலக்கையால் நூறு, இடக்கையால் நூறு என்று பழகுபவனும் அத்தகையவனே. இவையெல்லாம் ஏற்கத்தக்கன. ஆயின், பழக்கமே பண்பென்றால், மூன்று மாதம் வாங்கில் அமர்ந்திருந்தவன் எதனைப் பழகினான் என்றும் கேட்க வேண்டும். பொறுமையைப் பழகினான் என்பது பயிற்றுநர்கள் விரும்பும் விடை. தான் தேவையில்லாதவன் என்ற எண்ணத்தைப் பழகியிருக்கவும் கூடும். களத்தில் ஆடிய பதின்மரும் ஒன்றைப் பழகியிருப்பர்: வாங்கைத் திரும்பிப் பாராதிருத்தல்.

ஆயின் எல்லோருக்கும் சம நிமிடங்கள் என்று பங்கிட்டுவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? ஆரம்ப வகுப்புச் சிறுவர்களுக்கு அதுவே தக்கது எனலாம். பதினேழு வயதினன் விடயத்தில் அது பொருந்தாது. பத்துக் கோல் முன்னணியில் இருக்கும்போது, எஞ்சிய மூன்று நிமிடத்துக்குத் தன்னை அனுப்புவதன் பொருள் என்னவென்று அவனுக்குத் தெரியும். பார்வையாளர் கைதட்டுவதன் பொருளும் தெரியும். இரக்கத்தின் பெயராற் கொடுக்கப்படும் நிமிடங்கள் சில வேளை வாங்கைவிட அதிகமாக வருத்துவன. அவனுக்கு முதலில் உரியது ஓர் உண்மையான சொல். பருவத் தொடக்கத்திலேயே, "இன்று நீ நிற்கும் இடம் இது, களம் புக வேண்டுமாயின் இன்னின்னவற்றிலே தேர்ச்சி வேண்டும், அதற்கு உன்னோடு நான் நிற்பேன்" என்று அவனைத் தனியே அழைத்துச் சொல்லும் பயிற்றுநர் அவனுக்கு மதிப்பளிக்கிறார். எந்தக் காரணமும் கூறாது வாங்கில் விடுபவரும், எந்தக் காரணமும் கூறாது மூன்று நிமிடம் தருபவரும் அவனை ஏறத்தாழ ஒரே வகையிலேயே நடத்துகின்றனர்.

மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாக மாத்திரம் நடத்தலாகாது என்று 1785இல் எழுதிய இமானுவல் கான்ற்றின் வரையறையில் "மாத்திரம்" என்னும் சொல் கவனத்திற்குரியது. கருவியாவதை அவர் முற்றாக விலக்கவில்லை. எதிரணியின் ஆட்டத்தை நடித்துக் காட்டும் மாணவன் அணிக்கு ஒரு கருவியாகப் பயன்படுகிறான். அதிற் பிழையில்லை, மற்றோரும் அவ்வாறே ஒருவருக்கொருவர் பயன்படுகின்றனர். அவன் அதற்கு மாத்திரமே என்றாகும்போதுதான் பிழை நேர்கிறது. பயிற்சியில் நாள்தோறும் அவன் நடித்துக் காட்டும் அந்த எதிரணி ஆட்டமுறை அவனுடைய சொந்த ஆட்டத்துக்கு எவ்வகையிலேனும் உதவுகின்றதா என்று பயிற்றுநர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அந்த எண்ணம் எழுந்திருந்தால் அவன் வெறுங் கருவியாக இருந்திரான்.

இதே அளவுகோலைத் திருப்பிப் பிடித்தால், வாங்கில் இருப்பவனைவிடக் களத்தில் இருப்பவனே சில வேளை கருவியாக்கப்படுகிறான் என்பதும் புலனாகும். லக்ரோஸ் ஆபத்தில்லாத ஆட்டமன்று. இதயத் துடிப்பின் குறிப்பிட்டதொரு நுண்கணத்தில் மார்பிற் பந்து தாக்கினால், இதயத்தில் எந்த நோயும் இல்லாத இளைஞனும் சரிந்து விழக்கூடும். துடிப்பை மீட்கும் மின்கருவி உடனே கிட்டாவிட்டால் உயிர் பிழைப்பது அரிது. இதன் பொருட்டே அமெரிக்கப் பாடசாலை விதிகளில், தனித் தரத்துக்கமைந்த மார்புக் கவசம் கோல் காப்பாளருக்கு 2021 முதலும் ஆண்கள் அணியின் ஏனையோருக்கு 2022 முதலும் கட்டாயமாக்கப்பட்டது. தலையில் ஏற்படும் அதிர்ச்சியோ கவசத்தால் முற்றாகத் தடுக்கப்படக் கூடியதன்று. மோதலின்பின் எழுந்து நின்று, "எனக்கு ஒன்றுமில்லை, நான் ஆடுவேன்" என்று கூறும் மாணவன் பொய் கூறுகிறான் என்பதில்லை. தன் நிலையை மதிப்பிட வேண்டிய உறுப்பே அடிபட்டுள்ளது. அவன் அணியின் சிறந்த ஆட்டக்காரனாயின், அச்சொல்லை நம்பப் பயிற்றுநருக்கு ஆசை எழும். தன் வழக்கில் தானே நீதிபதியாக அமரும் நிலை இது. மனிதர் அந்நிலையில் நம்பத்தக்கவர் அல்லர் என்பதை அனுபவம் உணர்த்தியபின், வாஷிங்டன் மாநிலம் 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. தலை அதிர்ச்சி ஐயத்துக்குரிய மாணவன் உடனே வெளியேற்றப்பட வேண்டும். உரிய மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதிக்கும்வரை மீண்டும் ஆடலாகாது. 2014 அளவில் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. சட்டம் வந்தது நன்றே. ஆயினும் ஆசிரியர் ஒருவரின் கையிலிருந்து இத்தீர்மானத்தைப் பறித்தெடுக்க ஐம்பது சட்டமன்றங்கள் கூட வேண்டியிருந்தது என்பது எண்ணத்தக்கது.

அவ்வாறாயின் இவ்வாட்டம் எவருக்காக ஆடப்படுகிறது? இக்கேள்விக்கு, பாடசாலைகள் தோன்றுமுன்னரே விடை கூறிய மக்கள் உளர். லக்ரோஸ் வட அமெரிக்காவின் ஆதிக்குடிகளுடைய ஆட்டம். ஹூரோன் மக்களிடையே வாழ்ந்த பிரெஞ்சு யேசுசபைத் துறவி ஷான் தெ பிரெபூவ் 1636இல் எழுதிய குறிப்புகளில், நோயுற்றோரின் நலத்துக்காக அவர்தம் வைத்தியர் இவ்வாட்டத்தை ஆடப் பணிப்பதுண்டு என்று காணப்படுகிறது. சமயத்தூதரின் கண்ணுக்கு அது மூடநம்பிக்கையாகவே தோன்றிற்று. ஹோடினோசோனி எனத் தம்மை அழைக்கும் இரோக்குவா மக்களோ இன்றும் அதனைப் படைத்தவனின் ஆட்டம் என்றும் மருந்தாட்டம் என்றும் போற்றுகின்றனர். நோயுற்ற ஒருவருக்காக ஊரவர் மரமட்டைகளுடன் கூடி ஆடுவர். முதியோரும் இளைஞரும் சேர்ந்தே ஆடுவர். ஓடுவோர் முழு வலிமையோடும் ஓடுவர். எனினும் எத்தரப்பு வென்றது என்பது அவ்வாட்டத்தின் பயன் அன்று.

இதில் ஒரு செய்தி கூர்ந்து நோக்கற்பாலது. மருந்தாட்டத்தில் முதன்மையானவர் களத்தில் இல்லை. ஓட முடியாமல் ஓரத்தில் இருப்பவரே அவ்வாட்டத்தின் காரணம். அவருக்காகவே மற்றோர் வியர்க்கின்றனர்.

பழமையைப் பொன்னாகக் காட்டுவது இங்கு நோக்கமன்று. ஆதிக்குடிகளின் ஆட்டங்களிலே பந்தயப் பொருளும் எலும்பு முறிவும் இருந்தன. 1763 ஜூன் 2ஆம் நாள் மிச்சிலிமக்கினாக் கோட்டையின் வெளியே ஒஜிப்வே வீரர் ஆடிய ஆட்டம், கோட்டைக்குட் புகுந்து ஆங்கிலேயரைத் தாக்குவதற்கான சூழ்ச்சியாகவே அமைந்தது. மருந்தாட்டத்தின் மட்டையைப் பெண்கள் தொடலாகாது என்ற மரபும் ஹோடினோசோனியரிடம் உண்டு. பெண்கள் லக்ரோஸ், 1890இல் ஸ்கொட்லாந்தின் சென் லெனாட்ஸ் பாடசாலையில் தொடங்கி வேறு வழியாகவே வளர்ந்தது. ஆயினும் அவ்வாட்டத்தை எடுத்துக்கொண்டோர் எதனை எடுத்து எதனை விட்டனர் என்பதைக் குறிப்பிடாதிருக்க இயலாது. மொன்றியல் நகரப் பல்வைத்தியர் வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ் 1867இல் விதிகளை வகுத்தார். 1880இல் கனடாவின் லக்ரோஸ் சங்கம் தொழில்முறை ஆட்டக்காரருக்கு இடமில்லை என்று வரையறுத்தது. ஆடுவதற்குப் பணம் பெற்றனர் என்ற காரணத்தால், ஆட்டத்தைத் தந்த மக்களே அதிலிருந்து வெளித்தள்ளப்பட்டனர். மட்டையும் பந்தும் கோலும் நேரமும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஓரத்தில் இருப்பவர் மாத்திரம் கைவிடப்பட்டார். ஒரு மக்கட் கூட்டம் முழுவதையும் வாங்கில் இருத்தும் தீர்மானம் அது. பின்னர், ஆதிக்குடிப் பிள்ளைகளின் மொழியையும் வழக்கத்தையும் களைவதற்கென 1879இல் பென்சில்வேனியாவில் நிறுவப்பட்ட கார்லைல் பாடசாலை, 1910இல் லக்ரோஸைத் தன் விளையாட்டுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பாட்டனின் ஆட்டத்தைப் பேரன் அங்கு பாடசாலைச் சீருடையில், அதன் பழைய பொருளைப் பேசுதற்கு உரிமையின்றி ஆடினான்.

பால்ரிமோர் நகரப் பாடசாலை ஒன்றின் பயிற்றுநர் மருந்தாட்டத்தை நடத்த வேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார். அது அவருக்கு உரியதுமன்று. ஆயினும் ஆட்டத்தின் காரணம் களத்துக்கு வெளியே இருக்கக்கூடும் என்ற எண்ணம் எவருக்கும் தடைசெய்யப்பட்டதில்லை. அவ்வெண்ணத்தோடு அந்த இறுதி இரண்டு நிமிடத்துக்கு மீள்வோமாயின், முன்னர் எழுப்பப்பட்ட வினாவே பிழையான இடத்தில் எழுப்பப்பட்டது என்பது தெரியவரும். "இப்போது அவனை அனுப்பலாமா?" என்ற வினா மே மாதத்தில் எழுகிறது. மார்ச் மாதத்தில், பனி விலகாத களத்தில், அவன் கை திருத்தப்பட்டிருந்தால். ஏப்ரலில் முதற் காற்பகுதிகளில், தோல்விக்கு இன்னும் நேரமிருந்தபோது, மூன்று மூன்று பேராக மாறும் நடுக்களத்தாருள் ஒருவனாக அவன் அனுப்பப்பட்டுப் பிழை செய்யவும் அப்பிழையிலிருந்து மீளவும் விடப்பட்டிருந்தால், இறுதி நிமிடத்தில் அவன் அன்னியனாக இருந்திரான். பயிற்றுநர் தம் முன்னே நிற்கும் தருமசங்கடத்தை விதியின் கொடுமையாக நினைக்கிறார். அதன் பெரும்பகுதி எட்டு வாரமாக அவரே சிறிது சிறிதாகச் செய்து வைத்தது.

அவ்வாறெல்லாம் செய்தபின்பும் அவன் ஆற்றல் குறைந்தவனாகவே இருக்கக்கூடும். எல்லோரும் எல்லாம் ஆகிவிடுவர் என்பது பரிசளிப்பு மேடைக்குரிய பேச்சு. அப்போது ஆற்றல் மிக்கவனை அனுப்புவது பிழையாகாது. ஆட்டம் மெய்யாக ஆடப்பட வேண்டும் என்ற உடன்பாடு அவனையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அத்தீர்மானத்தைப் பயிற்றுநர் அவன் முகம் பார்த்துக் கூறக்கூடியவராக இருத்தல் வேண்டும். கூறும்போது அவன் இழந்ததை இழப்பென்றே ஒப்புக்கொள்ளவும் வேண்டும். "வாழ்க்கைக்கு இது ஒரு பாடம்" என்று அதனை இனிப்பூட்டிக் கொடுப்பது, அவனுக்குரிய கோபத்தையும் அவனிடமிருந்து பறிப்பதாகும்.

இன்னும் தீராத ஒரு சிக்கல் உண்டு. அதே வாங்கில் அவனுக்கு அருகே பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். இன்று இருவரும் ஏறத்தாழச் சம ஆற்றலுடையோர். இளையவனுக்கு இப்போது களம் கொடுத்தால் அடுத்த ஆண்டு அணி வலுப்பெறும். அணியின் நலம் என்பது வெறுஞ் சொல்லன்று, அடுத்த ஆண்டின் இருபது முப்பது மாணவர் அதனுள் இருக்கின்றனர். பயிற்றுநர்களுட் பலர் இளையவனையே அனுப்புவர். அதனை முன்னோக்கு என்பர். இந்த இடத்தில் அவர்கள் தவறுகின்றனர் என்றே தோன்றுகிறது. பாடசாலை லக்ரோஸ் ஆடும் மாணவருட் பெரும்பாலோருக்குப் பாடசாலையோடு அவ்வாட்டம் முடிந்துவிடுகிறது. இளையவனுக்கு அடுத்த மார்ச் உண்டு, அதற்கடுத்த மார்ச்சும் உண்டு. மூத்தவனுக்கு எஞ்சியிருப்பவை மே மாதத்தின் மூன்று ஆட்டங்கள்.